மிஷன் விறாந்தையில் ஏறியவர்கள்

நமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் பாடசாலையின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, புதிதாக எழுத என்ன இருக்கிறது என்றே முதலில் எண்ணினோம். உடுவிலில் படித்த எவருக்கும் இந்த வரலாறு மனப்பாடம். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் எலைசா அக்னியூ அம்மையார் வந்து, ஆயிரம் மகள்மாரின் தாய் என்று பெயர் பெற்றார். பரிசளிப்பு விழாக்களிலும் பேச்சுப் போட்டிகளிலும் இதை எத்தனை முறை ஒப்புவித்திருப்போம்!

எழுத உட்கார்ந்து பழைய செய்திகளைத் திரும்பப் படித்தபோதுதான் ஒன்று மனதை உறுத்தியது. நாம் சொல்லும் வரலாற்றில் துணிந்தவர்கள் எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். அறியாத தேசத்துக்கு விசுவாசத்தோடு புறப்பட்ட ஆபிரகாமைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதும் வின்ஸ்லோ அம்மையாரின் முகமே நினைவுக்கு வருகிறது. ஒழுங்கையிலிருந்து மிஷன் வளவுக்குள் வந்த பிள்ளைகளோ ‘மாணவிகள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போகிறார்கள். அவர்கள்தாம் நமது பூட்டிமார். ஒழுங்கைக்கும் விறாந்தைக்கும் இடையில் இருந்தது சில பாகத் தூரம். போஸ்ரனிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள தூரத்திலும் அது பெரிது என்பது எமது எண்ணம்.

கப்பலில் வந்தவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்வது எமது நோக்கமன்று. ஹரியற் லாத்ரொப் 1796இல் கனெற்றிக்கற் மாநிலத்தின் நோர்விச் நகரில் பிறந்தவர். 1819இல் மைறன் வின்ஸ்லோ போதகரை மணந்து, அதே ஆண்டு ஜூன் மாதம் ‘இண்டஸ்’ என்னும் பாய்க்கப்பலில் போஸ்ரனிலிருந்து புறப்பட்டார். அப்போது வயது 23. திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்த பயணம் அல்ல. 1820இல் உடுவிலுக்கு வந்து, இடிந்து கிடந்த பழைய கட்டடங்களைத் திருத்திக் குடியேறினார்கள். அந்நாளில் பிரித்தானிய ஆட்சியாளர் அமெரிக்கர்களை யாழ்ப்பாணத்தோடு நிறுத்தி வைத்திருந்தனர். 1820இல் வந்து சேர்ந்த ஓர் அச்சுத் தொழிலாளரையும் தங்கவிடாமல் திருப்பி அனுப்பினர். 1833 வரை புதிதாக எவரும் வர அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே வின்ஸ்லோ அம்மையார் பாடசாலையைத் தொடங்கியது, துணைக்கு இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கைக்கு இடமில்லாத ஆண்டுகளில். படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிய மகன் சார்ள்ஸ் 1832இல் அங்கே இறந்துபோனான். 1833 ஜனவரி 14ஆம் திகதி அம்மையாரும் உடுவிலில் காலமானார். வயது 36.

இடையில் ஒரு சிறு செய்தி. அவருடைய மகள் ஒருத்தியின் வழியில் வந்தவர்தான் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ். வாஷிங்டனில் டலஸ் விமான நிலையத்தில் இறங்கும் நம்மவர்கள், அது நமது ஸ்தாபகரின் பூட்டப்பிள்ளையின் பெயர் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். வின்ஸ்லோ போதகரைத் தமிழுலகம் அறிவது 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கில அகராதியால். அம்மையாரை அறிவது நாம் மட்டுமே.

இனி ஒழுங்கைக்கு வருவோம்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் படித்தார்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் என்றால் கோயில்களில் ஆடிய தேவதாசிகளே நினைவுக்கு வந்தார்கள். தன் மகள் ஏடு வாசிக்கிறாள் என்று ஊர் அறிந்தால் அவளுக்குக் கலியாணம் எப்படி நடக்கும் என்று ஒரு தாய் பயந்திருந்தால் அதை மூடத்தனம் என்று நாம் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அது நியாயமான பயம்.

அந்த நாட்களைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் மழைக் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். மிஷன் வளவுப் பக்கம் விளையாட வந்த இரண்டு சிறுமிகள் மெல்ல மெல்ல உள்ளே வந்து தையலும் எழுத்தும் பழகத் தொடங்கினார்கள். பொழுதுபட முன்னர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒன்றும் வாயில் வைப்பதில்லை. ஒருநாள் பின்னேரம் பெருமழை பிடித்துக்கொண்டது. வீடு போக வழியில்லை. இருட்டியது. பசி பொறுக்க முடியாமல் அழுதார்கள். கடைசியில் மிஷன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துவிட்டார்கள். மறுநாள் வந்த தகப்பன், பிள்ளைகள் உங்கள் சோற்றைச் சாப்பிட்டுவிட்டார்கள், இனி நாங்கள் அவர்களை என்ன செய்வது, நீங்களே வைத்துப் படிப்பியுங்கள் என்று விட்டுப் போனாராம்.

இந்தக் கதையைச் சிறு வயதில் கேட்டபோது சிரித்தோம். மழையைக் கடவுள் அனுப்பினார் என்று ஞாயிறு பாடசாலையில் சொல்லித் தந்தார்கள். அப்படியும் இருக்கலாம். இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்ட வயதில் திரும்ப நினைக்கும்போது எமக்கு அந்த இரவுதான் தெரிகிறது. அம்மாவைத் தேடி அழும் இரண்டு பிள்ளைகள். புரியாத மொழியில் தேற்றும் ஒரு வெள்ளைக்காரப் பெண். எதிரே ஒரு தட்டுச் சோறு. அதை உண்டால் வீடு திரும்ப முடியாமற் போகலாம் என்பது ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஊரில் தெரியும். கைநீட்டி எடுத்த அந்தச் சிறுமியை நாம் ஒருபோதும் முன்னோடி என்று அழைத்ததில்லை.

அவள் பெயரும் எமக்குத் தெரியாது. தெரியாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. விடுதிப் பிள்ளைகளின் செலவு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரு சபையோ ஒரு பெண்கள் சங்கமோ ஒரு குடும்பமோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்டால், தாம் விரும்பிய ஒருவரின் பெயரை அப்பிள்ளைக்கு இடுமாறு கேட்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம் இருந்தது. வீட்டில் சின்னாச்சியாகவோ வள்ளியம்மையாகவோ இருந்தவள் பதிவேட்டில் நியூ இங்கிலாந்தில் எங்கோ இறந்துபோன ஒரு சீமாட்டியின் பெயரோடு நிற்கிறாள். பெயர் கொடுத்தவர்கள் அன்பினாலேயே கொடுத்தார்கள். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் பூட்டியைத் தேடிப் போகும் ஒருத்திக்கு அந்தப் பதிவேடு ஒரு பூட்டிய கதவு. நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆங்கிலப் பெயர்களுக்கும் தொடக்கம் பெரும்பாலும் இந்த வழக்கமே.

பாடசாலையை மிஷன் எதற்காகத் தொடங்கியது என்பதிலும் நாம் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். பெண் விடுதலைக்காகவே தொடங்கியது என்று மேடையில் சொல்வது அழகுதான். ஆனால் 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி ஆரம்பமாகியிருந்தது. அங்கே கிறிஸ்தவர்களான வாலிபர்களுக்குப் படித்த கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும் என்ற கவலையும் மிஷனரிமாருக்கு இருந்தது. மகளை இடையில் கூட்டிக்கொண்டு போக மாட்டோம் என்று பெற்றோர் ஒப்பந்தம் செய்து கொடுத்தார்கள். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணம் செய்யும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது! சீதனத்துக்கு எதிராக நாம் நடத்திய விவாதங்களை நினைத்துச் சிரிப்பு வருகிறது. சாதி விடயத்திலும் இப்படித்தான். சாதியைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தவர்கள், குசினியில் யார் சமைப்பது என்ற கேள்வி வந்தபோது ஊரின் மனத்தைப் பார்த்தே நடந்துகொண்டார்கள்.

ஆகவே இந்த ஏற்பாட்டில் அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன பங்கு? பெற்றோர் ஒப்பந்தம் செய்தார்கள். மிஷன் வேலை வைத்திருந்தது. அமெரிக்காவில் ஒருவர் பெயர் வைத்தார். அவளாகத் தெரிந்தெடுத்தது எது?

எமது எண்ணத்தில், அவளாகத் தெரிந்தெடுத்தது அவளுடைய விசுவாசத்தைத்தான். ஏனென்றால் அதற்கான விலையை அவள் தனியே கொடுக்க வேண்டியிருந்தது. விடுமுறைக்கு வீடு போனால் அங்கே கோயிலும் விரதமும் திருவிழாவும். ஆச்சி நெற்றியில் திருநீறு பூச வருவா. அதை மறுப்பதற்கும் மரியாதை குறையாமல் மறுப்பதற்கும் யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். அவள் கையில் இருந்தது தானே வாசிக்கக்கூடிய ஒரு வேதாகமம். வேறொருவர் ஓதக் கேட்டு நிற்காமல், ஒரு பெண் தானாக எழுத்தைக் கூட்டி வாசித்து, தன் சொந்த வார்த்தையில் கடவுளோடு பேசலாம் என்பது அவளுடைய தாய் கனவிலும் நினையாத காரியம். ரூத்தின் கதையை முதன்முதலில் தமிழில் தானே வாசித்த உடுவில் பிள்ளை என்ன நினைத்திருப்பாள்? தன் சனத்தை விட்டுப் புறப்பட்ட ஒரு பெண்ணின் கதை அது. ஆனால் இவளோ சனத்தை விட்டுப் போகவும் இல்லை. அரை மைல் தூரத்தில்தான் வீடு. தினமும் கண்ணுக்குத் தெரியும் வீட்டுக்கு அந்நியமாவது கடல் கடந்து போவதைவிடக் கடினம்.

அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்தவர் என்ற வகையில்தான் அக்னியூ அம்மையாரை நாம் அதிகம் மதிக்கிறோம். நியூயோர்க்கில் 1807இல் பிறந்த அவருக்கு எட்டு வயதில் ஒரு பூகோள பாடம் வாழ்க்கையைத் தீர்மானித்தது என்பார்கள். மொறீசியஸ் தீவைப் படத்தில் காட்டிய ஆசிரியர், ஹரியற் நியூவெல் என்ற இளம் மிஷனரிப் பெண் புதைக்கப்பட்ட இடம் இது என்று சொன்னாராம். தானும் மிஷனரியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார். ஆனால் உடனே புறப்படவில்லை. வீட்டில் பார்க்க வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய காலம் முடியும்வரை காத்திருந்து, 32 வயதில் கப்பலேறி, 1840இல் யாழ்ப்பாணம் வந்தார். கணவரில்லாமல் தனியாக இலங்கைக்கு வந்த முதல் பெண் மிஷனரி அவரே. வயோதிபத் தாய் தகப்பனைப் பார்ப்பதற்காகத் தங்கள் ஆசைகளை இருபது வருடம் ஒத்திவைத்த பழைய மாணவிகள் நம்மில் எத்தனை பேர்! அந்த இருபது வருடமும் வீணாகப் போனது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

வந்தவர் திரும்பவே இல்லை. 43 ஆண்டுகளில் ஒருமுறையேனும் ஊர் போகவில்லை. 1879 வரை உடுவிலில் படிப்பித்தார். முதலில் படித்தவர்களின் மகள்மாரும், சிலரின் பேத்திமாரும் அவரிடம் படித்தார்கள். விடுமுறை வந்தால் படித்து முடித்துப் போன பிள்ளைகளைத் தேடி அவர்களுடைய ஊர்களுக்குப் போவார். தாயின் வீட்டுக்கும் மிஷன் வீட்டுக்கும் நடுவே தனித்து நின்ற பெண்களுக்கு, தேடி வரும் ஒரு மனிதர் இருந்தது எவ்வளவு பெரிய காரியம். கடைசிக் காலத்தில் மானிப்பாயில் மேரி, மார்கரெட் லீச் சகோதரிகளுடன் இருந்து, 1883 ஜூன் மாதம் காலமானார்.

அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கு மேல், கிறிஸ்தவர்களாகப் படிப்பை முடித்து வெளியேறியவர்கள் அறுநூறுக்கு மேல் என்று மிஷன் நூல்கள் பெருமையோடு சொல்கின்றன. நமக்கு மற்ற நானூறு பேரிலும் அக்கறை உண்டு. சிலர் இடையில் நின்றிருப்பார்கள். சிலர் சைவர்களாகவே இருந்து மணமுடித்திருப்பார்கள். ஆனால் அவர்களும் எழுத்தறிந்து போனார்கள். ‘ஆயிரம் மகள்மார்’ என்ற பட்டத்தில் அவர்களும் அடக்கம். அம்மையார் யாரையும் கழித்துவிட்டு எண்ணவில்லை.

1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவால் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. உடுவில் தப்பியது, ஆனால் தமிழில் மட்டும் படிப்பிக்கும் சிறிய பாடசாலையாகச் சுருங்கியது. அந்த ஆண்டுகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் செமினரி மூடப்பட்ட பின்னரும் உடுவில் தொடர்ந்தது.

பக்கத்து ஊரான இணுவிலில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1896இல் கனடாவிலிருந்து மேரி ஏர்வின் என்ற இளம் வைத்தியர் இணுவில் மிஷன் வைத்தியசாலையில் பணிபுரிவதற்காக இலங்கை வந்தார். வரும் வழியில் எஸ். சி. கே. இரத்தினம் என்ற தமிழரை மணந்திருந்தார். அவரும் கிறிஸ்தவரே. ஆனாலும் தமிழரை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. நமது பூட்டிமாரிடம் சாதியையும் உறவையும் கடந்து வரும்படி கேட்ட அதே மிஷனுக்கு, தன் முறை வந்தபோது கால் எழும்பவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் நமது முன்னோர் கடந்தது எவ்வளவு உயரமான கடவை என்பது தெரியாது. டொக்ரர் மேரி இரத்தினம் மனம் உடைந்து திரும்பிப் போகவில்லை. கொழும்பில் வைத்தியம் பார்த்தார், பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தார், லங்கா மகிளா சமித்தியை நிறுவினார், 1958இல் மக்சேசே விருது பெற்றார். 1962இல் இந்த நாட்டிலேயே காலமானார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஊரின் பயம் தெளிந்துவிட்டது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்காகக் கல்லூரி அமைத்தது நமக்கு அயலில், மருதனார்மடத்தில். அதைப் போட்டி என்று சிலர் சொன்னாலும், எழுதப் படித்த பெண்ணுக்குக் கலியாணம் நடக்காது என்று பயந்த ஊர் நூறு ஆண்டுக்குள் பெண்களுக்கென இன்னொரு கல்லூரி கட்டியது என்பதே அதன் பொருள். நமது வகுப்புகளிலும் சைவப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். வளவுக்குள் சங்கீதம் பாடி, வீட்டில் தேவாரம் பாடி வளர்ந்த அந்தத் தோழிகளுக்கும் காலை ஆராதனை தங்களுடையதுதான். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

1941இல் ஆரியம் ஹட்சன் பரமசாமி அம்மையார் முதல் தமிழ் அதிபரானார். படியேறி வந்தவர்களின் சந்ததி அதிபர் கதிரையில் அமர 117 ஆண்டுகள் சென்றன. 1960ஆம் ஆண்டுச் சட்டம் வந்து உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நமது பாடசாலை தனியார் பாடசாலையாகவே நின்றது. அரசாங்கப் பணம் இல்லை. கட்டணம் அறவிடவும் சட்டம் இடம் தரவில்லை. சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று தெரியாமலே எடுத்த முடிவு அது. நமது சங்கத்தின் கூட்டங்களில் தேநீர் விருந்தைவிடக் கணக்குப் புத்தகம் அதிக நேரம் எடுத்ததற்குக் காரணமும் அதுதான்.

அதன் பிறகு வந்தது நமது முறை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அன்றும் மழை. சைக்கிளில் பையும் கையில் பிள்ளையுமாக நாவற்குழிப் பாலத்தில் அடிமேல் அடி வைத்து நகர்ந்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர். அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவருடைய விறாந்தையில் பாய் விரித்து, அவர்கள் தந்த சோற்றைச் சாப்பிட்டோம். யார் சமைத்தது என்று எவரும் கேட்கவில்லை. அந்த இரவில் செபித்தவர்களும் உண்டு. செபிக்க வாய் வராமல் அழுதவர்களும் உண்டு. பிறகு வன்னி, கொழும்பு, இலண்டன், றொறொன்ரோ, சிட்னி. ஐம்பது வயதில் புதுப் பாஷையில் வேலைக்கு விண்ணப்பம் எழுதினோம். பனியில் பஸ்ஸுக்கு நின்றோம். நம் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல ஆசிரியைக்கு நாக்குத் திரும்பாததால், சுருக்கமான ஒரு பெயரை நாமே சம்மதித்துக் கொடுத்தோம். அந்தப் படிவத்தில் கையெழுத்திடும்போது உடுவில் பதிவேட்டை யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

இம்மலரோடு ஒரு தாளை இணைத்திருக்கிறோம். உங்கள் அம்மா, அம்மம்மா, பூட்டி, அதற்கும் முந்தியவர்கள், உடுவிலில் படித்தவர்களின் பெயர்களை அதில் எழுதி அனுப்புங்கள். பாடசாலையில் வழங்கிய பெயர் ஒரு நிரலில், வீட்டில் கூப்பிட்ட பெயர் மறு நிரலில். இரண்டும் தெரிந்தவர்கள் இரண்டையும் எழுதுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தால் அதை எழுதி மற்றதை வெறுமையாக விடுங்கள். வேறொருத்தியிடம் அது இருக்கக்கூடும். வயது முதிர்ந்தவர்களிடம் முதலில் கேளுங்கள்.